முன்கூட்டியே எழுதப்படாத விடைகள்

குவாண்டம் பின்னலைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே சித்திரத்தைத்தான் வரைகிறார்கள்: ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரண்டு துகள்கள் எதிரெதிர்த் திசைகளில் பறந்துபோகின்றன, ஒன்றை இங்கே அளந்ததும், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் நிலையும் அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது, ஐன்ஸ்டைனையே கலங்கடித்த புதிர் இதுதான் என்று முடிக்கிறார்கள். இந்தச் சித்திரத்தில் பிழை இல்லை. ஆனால் புதிரும் இதில் இல்லை. தொலைவில் இருக்கும் ஒன்றைப் பற்றி இங்கிருந்தபடியே அறிந்துகொள்வது நாம் அன்றாடம் செய்கிற காரியம்.

இதை மிக எளிமையாக விளக்கியவர் இயற்பியலாளர் ஜான் ஸ்டூவர்ட் பெல். வியன்னாவைச் சேர்ந்த அவருடைய நண்பர் ரைன்ஹோல்ட் பெர்ட்ல்மன் இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறைகளை அணியும் வழக்கம் உடையவர். ஒரு கால் கதவுக்கு இப்பால் வரும்போது அதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், இன்னும் கண்ணில் படாத மறுகால் இளஞ்சிவப்பு அல்ல என்பது உடனே நமக்குத் தெரிந்துவிடும். இதில் எந்தச் செய்தியும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாயவில்லை. காலையில் அணியும்போதே இரண்டின் நிறமும் முடிவாகிவிட்டது. நாம் பார்த்தது பின்னால்தான். 1981-இல் வெளியான கட்டுரையொன்றில் பெல் இந்தக் காலுறைகளை முன்வைத்துக் கேட்ட கேள்வி இதுதான்: துகள்களும் இப்படித்தான், புறப்படும்போதே விடைகளைச் சுமந்துகொண்டு போகின்றன என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

குறை இருக்கிறது. அதை எட்டு வரிகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டு எவரும் எண்ணிப் பார்த்துவிடலாம். பௌதிக உலகைப் பற்றி மனிதர் கண்டறிந்தவற்றுள் இதைவிட ஆழமானது அதிகம் இல்லை என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட ஒன்று, தாளும் பேனாவும் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வடிவில் கிடைப்பது அரிது. அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'மர்மம்', 'மாயம்' என்ற சொற்களை மட்டும் வாசகரிடம் கொண்டுசேர்க்கும் எழுத்துகளே நம்மிடம் மிகுதியாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கதை 1935-இல் தொடங்குகிறது. பிரின்ஸ்டனில் இருந்த ஐன்ஸ்டைன், போரிஸ் பொடோல்ஸ்கி, நாதன் ரோசன் ஆகிய மூவரும் அவ்வாண்டு மே மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். பௌதிக உண்மையைப் பற்றிக் குவாண்டம் இயந்திரவியல் தரும் விவரிப்பு முழுமையானதா என்பதே அதன் தலைப்பிலிருந்த கேள்வி. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளியது: ஒரு பொருளை எவ்வகையிலும் தொந்தரவு செய்யாமல், அதன் ஒரு பண்பின் மதிப்பை நூறு சதவீத உறுதியுடன் முன்கூட்டியே சொல்ல முடியுமானால், அந்தப் பண்புக்கு நிகரான ஏதோ ஒன்று அந்தப் பொருளில் உண்மையாகவே இருக்க வேண்டும். பின்னிய இரு துகள்களில் ஒன்றின் இடத்தை அளந்தால் மற்றதன் இடம் உறுதியாகத் தெரிகிறது; உந்தத்தை அளந்தால் மற்றதன் உந்தம் உறுதியாகத் தெரிகிறது. தொலைவிலிருக்கும் துகளை நாம் தொடவே இல்லை. ஆகவே இடம், உந்தம் இரண்டுமே அதனிடம் முன்பே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாடோ இரண்டுக்கும் ஒருசேர மதிப்புத் தர மறுக்கிறது. எனவே அது முழுமையானது அல்ல என்று மூவரும் முடித்தார்கள்.

கட்டுரையை எழுத்தில் வடித்தவர் பொடோல்ஸ்கி. அதன் வடிவம் ஐன்ஸ்டைனுக்கு நிறைவளிக்கவில்லை. முக்கியமான கருத்து கணிதச் சடங்கில் புதைந்துபோனதாக அவர் அடுத்த மாதமே இயற்பியலாளர் ஷ்ரோடிங்கருக்கு எழுதினார். அவர் மனத்தில் இருந்தது, இடத்துக்கும் உந்தத்துக்கும் ஒருசேர மதிப்புத் தர மறுக்கும் நிச்சயமின்மைக் கொள்கையை எப்படியாவது வீழ்த்திவிட வேண்டும் என்ற விருப்பம் அன்று. வெளியில் வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு பொருள்களுக்குத் தனித்தனியே சொந்த நிலைகள் உண்டு. இங்கே நான் செய்வது அங்கே இருப்பதன் நிலையை உடனடியாக மாற்றாது. இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எதையும் பிரித்தெடுத்துச் சோதிப்பதே இயலாது என்பதுதான் அவருடைய வாதத்தின் அடித்தளம். 1947-இல் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில், இயற்பியல் 'பேய்த்தனமான தொலைவினை' (தொலைவிலிருந்தே உடனடியாக நிகழும் வினை) இல்லாமல் இடத்திலும் காலத்திலும் உள்ள உண்மையை விவரிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது இந்தக் கவலையால்தான். ஐன்ஸ்டைனை, புதியதை ஏற்க முடியாத முதியவராகச் சித்திரிக்கும் வழக்கம் நியாயமற்றது. குவாண்டம் இயந்திரவியலின் மிக விநோதமான பகுதி எது என்பதை முதலில் கண்டு, அதன்மேல் விரல் வைத்தவர் அவர்.

அந்த விரல் சுட்டிய இடத்தை உடனே புரிந்துகொண்டவர் ஷ்ரோடிங்கர். அதே 1935-இல் அவர்தான் இந்த நிகழ்வுக்குப் பின்னல் என்ற பெயரைச் சூட்டி, குவாண்டம் இயந்திரவியலைப் பழைய சிந்தனையிலிருந்து முற்றிலுமாகப் பிரிக்கும் பண்பு இதுவே என்று எழுதினார். முழுமையைப் பற்றி அறியக்கூடியது எல்லாவற்றையும் அறிந்திருந்தாலும், அதன் பகுதிகளைப் பற்றி எதுவும் அறியாமல் இருக்க முடியும் என்பது அவர் கண்ட செய்தி. நீல்ஸ் போர் அக்டோபரில் அதே தலைப்பில் ஒரு மறுப்பை வெளியிட்டார். அதை நான் பலமுறை முயன்று படித்திருக்கிறேன். அளவீட்டுச் சூழலிலிருந்து பண்பைப் பிரித்துப் பேச முடியாது என்ற அதன் மையக் கருத்து ஆழமானதுதான், ஆனால் ஐன்ஸ்டைனின் கவலைக்கு அது நேரடியாக விடை சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் போர் பதில் சொல்லிவிட்டார் என்ற நிம்மதியில் பெரும்பாலான இயற்பியலாளர்கள் தங்கள் கணக்குகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த நிம்மதிக்கு இன்னொரு துணையும் இருந்தது. குவாண்டம் கோட்பாட்டுக்கு அடியில் மறைமாறிகள், அதாவது விடைகளை முன்கூட்டியே தீர்மானிக்கும் கண்ணுக்குத் தெரியாத பண்புகள், எவையும் இருக்க முடியாது என்று ஜான் ஃபான் நாய்மன் 1932-இல் ஒரு நிரூபணம் தந்திருந்தார். அதன் ஓர் அனுமானம் ஏற்கத்தக்கதல்ல என்று கிரேட்டே ஹெர்மன் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1935-இலேயே எழுதினார்; அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். 1952-இல் டேவிட் போம், துகளுக்கு எப்போதும் திட்டவட்டமான இடம் உண்டு என்று கொண்டு, அதை ஓர் அலை வழிநடத்துவதாக ஒரு கோட்பாட்டையே கட்டிக்காட்டினார். முடியாது என்று நிறுவப்பட்டது முடிந்துவிட்டதைப் பார்த்துத் திகைத்தவர்களில் இளைஞரான பெல்லும் ஒருவர். ஆனால் போமின் கோட்பாட்டில் ஒரு துகளின் நகர்வு, அதே கணத்தில் தொலைவிலிருக்கும் இன்னொரு துகளின் இடத்தைப் பொறுத்து அமைந்தது. ஐன்ஸ்டைன் தவிர்க்க விரும்பியதே அதில் வெளிப்படையாக இருந்தது. இது போமின் கோட்பாட்டுக்கு மட்டும் உள்ள குறையா, அல்லது எந்தக் கோட்பாட்டாலும் தப்பிக்க முடியாத விதியா என்பதைப் பெல் கேட்கத் தொடங்கினார்.

பெல்ஃபாஸ்டில் பிறந்த அவர் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியலும் முடுக்கி வடிவமைப்பும் செய்துகொண்டிருந்தவர். இந்த அடிப்படைக் கேள்விகள் அவருக்கு ஓய்வுநேர வேலை. அமெரிக்காவில் விடுப்பில் இருந்தபோது எழுதிய 6 பக்கக் கட்டுரை, அப்போதுதான் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் நின்றுபோன ஓர் இதழில் 1964-இல் வெளியாயிற்று. நான் கல்லூரியில் இயற்பியல் படித்தபோது குவாண்டம் இயந்திரவியல் தாளில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கும் வழிகள் எல்லாம் இருந்தன. பெல்லின் பெயர் இல்லை. பின்னாளில் டேவிட் மெர்மின் 1981-இல் எளிமைப்படுத்திய வடிவத்தில்தான் இந்த வாதம் எனக்கு வந்துசேர்ந்தது. அதை இங்கே ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, கொண்டு சொல்கிறேன்.

ஒரு மூலம் ஃபோட்டான்களை இரட்டை இரட்டையாக வெளியிடுகிறது. ஒன்று இடப்பக்கம் போகிறது, ஒன்று வலப்பக்கம் போகிறது. இரு பக்கமும் ஒவ்வொரு போலராய்டு, அதாவது தன் கோணத்தைப் பொறுத்து ஒளியைக் கடக்கவிடும் அல்லது தடுக்கும் வடிகட்டி, இருக்கிறது. அதை 0 பாகை, 60 பாகை, 120 பாகை என்ற மூன்று கோணங்களில் ஏதேனும் ஒன்றில் வைக்கலாம். ஃபோட்டான் அதைக் கடந்துபோகும், அல்லது தடுக்கப்படும். வேறு எதுவும் நடக்காது. ஒவ்வொரு முறையும் கோணத்தை, ஃபோட்டான் வந்து சேர்வதற்குச் சற்றுமுன், இரு பக்கத்தினரும் தனித்தனியே குருட்டாம்போக்கில் தேர்ந்துகொள்கிறார்கள். தகுந்தபடி பின்னிய ஃபோட்டான்களைக் கொண்டு இதைச் செய்யும்போது கிடைக்கும் முதல் முடிவு: இரு பக்கமும் ஒரே கோணத்தைத் தேர்ந்திருந்தால், இரு ஃபோட்டான்களும் எப்போதும் ஒரேமாதிரி நடந்துகொள்கின்றன. இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் தடுக்கப்படும்.

இதற்குக் காலுறை விளக்கம் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், எந்தக் கோணம் கேட்கப்படும் என்பது ஃபோட்டானுக்கு முன்கூட்டியே தெரியாதாகையால், மூன்று கோணங்களுக்குமான விடைகளையும் அது புறப்படும்போதே கையில் வைத்திருக்க வேண்டும். அதன் இணையும் அதே மூன்று விடைகளை வைத்திருக்க வேண்டும். கடப்பதை 'ஆம்' என்றும் தடுக்கப்படுவதை 'இல்லை' என்றும் எழுதினால், மூன்று விடைகள் கொண்ட பட்டியல்கள் மொத்தம் 8 தான் சாத்தியம். ஒரு தாளில் அவற்றை எழுதிப் பார்க்கலாம்: ஆம்-ஆம்-ஆம், ஆம்-ஆம்-இல்லை, ஆம்-இல்லை-ஆம் என்று தொடங்கி இல்லை-இல்லை-இல்லை வரை.

இப்போது இரு பக்கமும் வெவ்வேறு கோணங்களைத் தேர்ந்த சந்தர்ப்பங்களை மட்டும் கவனிப்போம். அப்போது விடைகள் எத்தனை முறை ஒத்துப்போகும்? மூன்றும் ஆம் அல்லது மூன்றும் இல்லை என்ற 2 பட்டியல்களில், எந்த இரு கோணங்களைக் கேட்டாலும் விடை ஒத்துப்போகும். மீதமுள்ள 6 பட்டியல்களில் இரண்டு விடைகள் ஒன்றாகவும் ஒன்று மாறுபட்டும் இருக்கும். 0-60, 0-120, 60-120 என்று கோண இணைகள் மூன்றே உண்டு. ஆம்-ஆம்-இல்லை என்ற பட்டியலில் 0-60 இணை மட்டும் ஒத்துப்போகிறது, மற்ற இரண்டும் ஒத்துப்போகவில்லை. மீதி ஐந்திலும் இதே கதைதான்: மூன்றில் ஒன்று. ஆகவே மூலம் இந்த 8 பட்டியல்களை எந்த விகிதத்தில் கலந்து அனுப்பினாலும், எவ்வளவு தந்திரமாகக் கலந்து அனுப்பினாலும், ஒத்துப்போகும் வீதம் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கவே முடியாது. இங்கே குவாண்டம் இயந்திரவியல் எதுவும் வரவில்லை. வெறும் எண்ணுதல் மட்டுமே.

குவாண்டம் இயந்திரவியல் சொல்லும் விடை நான்கில் ஒன்று. இரு போலராய்டுகளுக்கு இடையிலான கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்த வேண்டும். 60 பாகையின் கொசைன் அரை, அதன் வர்க்கம் கால். 120 பாகைக்கும் அதே கால்தான். 33 சதவீதத்துக்கும் 25 சதவீதத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்தக் கணக்கை முதன்முறை தாளில் முடித்தபோது, எட்டு வரிகளில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று நான் திரும்பத் திரும்பத் தேடினேன். ஓட்டை இல்லை. இயற்கை 25 சதவீதத்தைக் காட்டுமானால், ஃபோட்டான்கள் எட்டில் எந்தப் பட்டியலையும் சுமந்து வந்திருக்க முடியாது.

இயற்கை எதைக் காட்டுகிறது என்று முதலில் கேட்டுப் பார்த்தவர் ஜான் கிளாசர். மைக்கேல் ஹார்ன், அப்னர் ஷிமோனி, ரிச்சர்ட் ஹோல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1969-இல் பெல்லின் சமனிலியை, அதாவது முன்கூட்டிய விடைகள் மீற முடியாத மேலே கண்டது போன்ற எல்லையை, ஆய்வகத்தில் அளக்கத்தக்க வடிவுக்கு அவர் மாற்றினார்; அவ்வடிவில் முன்கூட்டிய விடைகளுக்கான உச்ச வரம்பு 2, குவாண்டம் இயந்திரவியல் எட்டக்கூடிய உச்சம் ஏறத்தாழ 2.83. 1972-இல் பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃபிரீட்மனுடன் சேர்ந்து, கால்சியம் அணுக்கள் அடுத்தடுத்து வெளியிடும் ஒரு பச்சை ஃபோட்டானையும் ஓர் ஊதா ஃபோட்டானையும் கொண்டு சோதனையை நடத்தினார். குவாண்டம் இயந்திரவியல் தோற்கும் என்றே கிளாசர் எதிர்பார்த்திருந்தார். சமனிலி மீறப்பட்டது, குவாண்டம் இயந்திரவியல் வென்றது. தம் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை அவர் அப்படியே வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் இது எதிர்காலம் உள்ள துறையாகவே கருதப்படவில்லை. 1975-இல் அலேன் அஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் தம் சோதனைத் திட்டத்துடன் ஜெனீவாவுக்குப் போனபோது, உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதுதான் பெல் அவரிடம் முதலில் கேட்டது. இருக்கிறது என்று தெரிந்த பிறகே பெல் பேச்சைத் தொடர்ந்தார் என்று அஸ்பே பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். பாரிஸை அடுத்த ஓர்சேயில் 1982-இல் அவர் நடத்திய சோதனைகளில் ஒன்றில், ஃபோட்டான்கள் மூலத்தை விட்டுக் கிளம்பிய பிறகும் கோணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அளவிகள் இரண்டும் 12 மீட்டர் இடைவெளியில் இருந்தன. அந்தத் தொலைவைக் கடக்க ஒளிக்கு 40 நானோ நொடி தேவை. கோணமோ ஏறத்தாழ 10 நானோ நொடிக்கு ஒருமுறை மாறியது. ஒரு பக்கத்தின் கோணம் மறுபக்கத்துக்கு ஒளியின் வேகத்தில் எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று சொல்லித் தப்பிக்கும் வழி, பெருமளவு அத்துடன் அடைபட்டது.

பெருமளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அஸ்பேயின் கோணமாற்றம் சீரான அலைவாக இருந்ததே தவிர உண்மையான குருட்டுத் தேர்வாக இல்லை; 1998-இல் இன்ஸ்ப்ருக்கில் ஆன்டன் சைலிங்கரின் குழு 400 மீட்டர் இடைவெளியில் அதைச் சரிசெய்தது. இன்னொன்று, கருவிகளில் சிக்காமல் தப்பும் ஃபோட்டான்கள்தாம் முடிவைத் திரிக்கின்றன என்று வாதிட அப்போதும் இடம் இருந்தது. இரண்டு ஓட்டைகளையும் ஒரே சோதனையில் அடைத்த முதல் முயற்சி 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

அங்கே 1.28 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆய்வகங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு வைரத் துண்டு. வைரத்தின் கார்பன் அடுக்கில் ஓரிடத்தில் நைட்ரஜன் அணுவும் அதன் அருகே ஒரு வெற்றிடமும் இருந்தால், அந்தக் குறைபாட்டில் ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சியைப் பிடித்துவைத்து அளக்க முடியும். ஒவ்வொரு எலக்ட்ரானும் தன்னோடு பின்னிய ஒரு ஃபோட்டானை வெளியிடுகிறது. அந்த இரண்டு ஃபோட்டான்களும் கண்ணாடியிழை வழியாக இடையிலுள்ள மூன்றாவது நிலையத்துக்கு வந்து சந்திக்கின்றன. அங்கே அவை சரியான விதத்தில் பதிவானால், எலக்ட்ரான்கள் இரண்டும் பின்னிவிட்டன என்று பொருள். ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்காத, எந்தக் காலத்திலும் ஒரே இடத்தில் இல்லாத இரண்டு எலக்ட்ரான்கள் அவை. ஃபோட்டான்கள் வழியில் தொலைந்துபோவதே பெரும்பாலும் நடக்கும் என்பதால், 220 மணி நேர அளவீட்டில் 245 முறைதான் அது கைகூடியது. ஆனால் கைகூடியபோதெல்லாம் இரு எலக்ட்ரான்களின் விடைகளும் தவறாமல் பதிவாயின. ஓர் ஆய்வகத்திலிருந்து மறு ஆய்வகத்துக்கு ஒளி போய்ச்சேர எடுக்கும் 4.27 மைக்ரோ நொடிக்குள் கோணத்தேர்வும் அளவீடும் முடிந்தன. முன்கூட்டிய விடைகளுக்கு 2-ஐத் தாண்ட முடியாத அந்த அளவுக்கு இங்கே கிடைத்த எண் 2.42, பிழை வரம்பு 0.20. வெறும் 245 நிகழ்வுகளை வைத்துத் திட்டவட்டமாகப் பேச முடியாதுதான். ஆனால் அதே ஆண்டிலேயே வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு நடந்த சோதனைகள் ஐயத்துக்கு இடமின்றி அதே முடிவைத் தந்தன. 2022-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் சென்றது. பெல் 1990-லேயே இறந்துவிட்டார்.

இனி, இதிலிருந்து பௌதிக உலகைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம் என்ற கேள்வி. பரிசுச் செய்தியை ஒட்டி 'உலகம் உண்மையில் இல்லை என்று நிரூபணம்' என்ற தொனியில் எத்தனையோ தலைப்புகள் வெளிவந்தன. அவற்றை நான் ஏற்கவில்லை. வைரம் இருந்தது, கண்ணாடியிழை இருந்தது, பதிவான 245 நிகழ்வுகளும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. எட்டு வரிப் பட்டியலை எழுதும்போது நாம் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட மூன்று விஷயங்கள் உண்டு: கேட்கப்படாத கேள்விகளுக்கும் விடை, அதுவும் ஒரு கேள்விக்கு ஒரே விடையாக, முன்பே இருந்தது; அங்கே திருப்பிய போலராய்டு இங்கே கிடைக்கும் விடையை மாற்றாது, கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் செயலும் ஃபோட்டானின் பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை. சோதனைகள் தகர்த்தது இவற்றின் கூட்டை. எதை விடுவது என்பதை அவை நமக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாவதை விடுவது எனக்கு மிகக் கடினமாகத் தெரிகிறது. 2018-இல் வெளியான ஒரு சோதனையில் சைலிங்கரின் குழுவினர் லா பால்மா தீவின் தொலைநோக்கிகளைக் கொண்டு, எதிரெதிர்த் திசைகளிலுள்ள இரண்டு குவேசார்களின் (மிகத் தொலைவிலுள்ள, மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) ஒளியை வைத்துக் கோணங்களைத் தேர்ந்தார்கள். ஒன்றிலிருந்து அந்த ஒளி கிளம்பி 780 கோடி ஆண்டுகள், மற்றதிலிருந்து 1,220 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் சமனிலி மீறப்பட்டது. தேர்வும் பட்டியலும் இரகசியமாக ஒத்திசைந்திருந்தன என்று இன்னும் பிடிவாதமாகச் சொல்ல விரும்பினால், அந்தச் சதியைப் பூமி தோன்றுவதற்கு முந்தைய காலத்துக்குத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிவிட்டால், எந்த அறிவியல் சோதனையையும் நம்பக் காரணம் இருக்காது.

இரண்டாவதை விட்டால் போமின் வழி திறக்கிறது: தொலைவினை உண்மையிலேயே உண்டு. ஆனால் அதைக் கொண்டு ஓர் எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. இடப்பக்கம் நிற்பவர் தம் பதிவேட்டில் காண்பது, வலப்பக்கம் எந்தக் கோணம் வைக்கப்பட்டாலும், பாதி ஆம் பாதி இல்லை என்ற ஒழுங்கற்ற வரிசையைத்தான். 25 சதவீதம் என்ற எண், இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து ஒப்பிடும்போது மட்டுமே வெளிப்படுகிறது. அந்தப் பதிவேடுகளோ ஒளியைவிட வேகமாகப் பயணம் செய்ய முடியாது. மேலும், அவ்வளவு தொலைவில் அவ்வளவு குறுகிய நேரத்தில் நடக்கும் இரண்டு அளவீடுகளில் எது முந்தியது என்பதற்கே சார்பியலின்படி பொதுவான விடை கிடையாது. ஒருவருக்கு இடப்பக்கம் முந்தியது, வேகமாக நகரும் இன்னொருவருக்கு வலப்பக்கம் முந்தியது. 'இது அதைப் பாதித்தது' என்ற வாக்கியத்துக்குக் காரணம் எது, விளைவு எது என்று நிலையாகச் சொல்ல முடியாதபோது, அந்த வாக்கியம் எதைக் குறிக்கிறது என்றே எனக்கு விளங்கவில்லை. இத்தனையையும் அறிந்துதான் பெல் இந்த வழியின் பக்கம் சாய்ந்திருந்தார் என்பதால், இதைச் சுலபமாக ஒதுக்கவும் எனக்கு மனம் வருவதில்லை.

நான் சாய்வது முதலாவதை விடும் பக்கம். அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஹியூ எவரெட் 1957-இல் முன்வைத்த வழியில் ஒவ்வொரு கேள்வியும் எல்லா விடைகளையும் தருகிறது, வேறு வழிகளில் விடை என்பது அளவீட்டின்போதுதான் பிறக்கிறது. அந்தப் பிரிவுகளைவிட, அவை யாவும் பகிர்ந்துகொள்ளும் கணித உண்மையே என்னைப் பிடித்திழுக்கிறது. பின்னிய ஃபோட்டான் இணையின் நிலையை எழுதினால், அந்த இணையைப் பற்றி மேற்கொண்டு அறிய எதுவும் மிச்சமில்லை; அதன் நிச்சயமின்மையின் அளவு சுழியம். அதே நிலையிலிருந்து ஒரு ஃபோட்டானை மட்டும் தனியே எடுத்து விவரித்தால், எந்தக் கோணத்திலும் அதன் விடை சரிபாதி வாய்ப்புதான். நிச்சயமின்மை உச்சத்தில் இருக்கிறது. நாம் பழகிய தகவல் கணிதத்தில், ஒரு பகுதியின் நிச்சயமின்மை முழுமையினுடையதைவிட ஒருபோதும் அதிகமாக இருக்க முடியாது. இங்கே அது அதிகமாக இருக்கிறது. முழுமை திட்டவட்டமாக இருக்கிறது, பகுதிகளுக்குச் சொந்தமாகத் திட்டவட்டமான எதுவும் இல்லை. உலகம் என்பது சிறு சிறு பொருள்களும், ஒவ்வொன்றும் தன்னிடத்தில் தாங்கியிருக்கும் பண்புகளும், அவற்றின் கூட்டுத்தொகையும்தான் என்று, நாம் கற்ற அறிவியலின் பெரும்பகுதி எண்ணப் பழக்கியிருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக் கணக்குதான் இங்கே உடைகிறது. ஐன்ஸ்டைன் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்றாரோ, சரியாக அதுதான்.

இதைக் கேட்டவுடன், ஆகவே பிரபஞ்சத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது, நம் முன்னோர் சொன்ன ஒருமை இதுதான், மனத்துக்கு மனம் செய்தி போவதும் இதனால்தான் என்று நீட்டிச் செல்லும் பேச்சைத் தமிழில் அடிக்கடி காண்கிறேன். ஒருமை பற்றிய தத்துவங்கள் தம் சொந்த வாதங்களின் பலத்தில் நிற்கட்டும். ஃபோட்டான்களின் சான்று அவற்றுக்குத் தேவையில்லை, பொருந்தவும் இல்லை. இரண்டு துகள்கள் முழு அளவில் பின்னியிருந்தால், அவற்றில் எதுவும் மூன்றாவது ஒன்றோடு சிறிதளவும் பின்ன முடியாது என்பது கணிதம்; இந்தப் பங்கீட்டின் கணக்கை காஃப்மன், குண்டு, ஊட்டர்ஸ் ஆகியோர் 2000-இல் துல்லியமாக எழுதினார்கள். மூன்றாவது ஒன்றோடு உறவு கூடக் கூட முதல் இரண்டின் பின்னல் தளர்கிறது. வெதுவெதுப்பான, ஈரமான, எண்ணற்ற மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்ளும் நம் உடலுக்கு நடுவே இரண்டு துகள்களின் பின்னலைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, டெல்ஃப்டில் அந்த வைரங்களை ஏறத்தாழ 4 கெல்வின் குளிரில் வைக்க வேண்டியிருந்ததே போதுமான சான்று.

மூன்றாவது ஒன்றை உள்ளே விடாத பின்னலின் இந்தத் தனியுரிமைக்குப் பயனும் உண்டு. ஆர்தர் எகெர்ட் 1991-இல் கண்டது இது: இருவர் பின்னிய துகள்களைப் பகிர்ந்துகொண்டு, அவற்றின் விடைகளையே இரகசியச் சாவியாக வைத்துக்கொள்ளட்டும், சில விடைகளை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டுப் பெல் சமனிலி மீறப்படுகிறதா என்று பார்க்கட்டும். மீறப்படுகிறதென்றால், அந்த விடைகள் அளவீட்டுக்கு முன் எங்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை என்று பொருள். எங்கும் இல்லாத ஒன்றை ஒட்டுக்கேட்பவர் நகலெடுத்திருக்க முடியாது. 2017-இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், தரையில் 1,203 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு நிலையங்களுக்குப் பின்னிய ஃபோட்டான்களை அனுப்பிக் காட்டியது. 1935-இல் முழுமையின்மைக்குச் சான்றாக எழுப்பப்பட்ட வாதம் இன்று பாதுகாப்புப் பொறியியலாகியிருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிட ஆவலைத் தூண்டுவது, இதே தர்க்கத்தை ஈர்ப்புவிசையின்மேல் செலுத்தும் திட்டம். சௌகதோ போஸும் அவருடைய கூட்டாளிகளும் ஒருபுறமும், கியாரா மார்லெட்டோ, வ்லாட்கோ வெட்ரல் இருவரும் மறுபுறமும் 2017-இல் இதை முன்வைத்தார்கள். இரண்டு நுண்ணிய பொருள்களை, ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் இரு இடங்களில் இருக்கும் குவாண்டம் நிலைக்குக் கொண்டுவந்து, ஈர்ப்பைத் தவிர வேறெந்த வழியிலும் அவை ஒன்றையொன்று தீண்டாதபடி அருகருகே வைக்க வேண்டும். சற்றுநேரம் கழித்து அவை பின்னியிருந்தால், இடையில் நின்று அதைச் செய்த ஈர்ப்புப் புலமும் ஒவ்வோர் இடத்திலும் முன்பே எழுதப்பட்ட மதிப்புகளைக் கொண்ட சாதாரணப் பொருளாக இருக்க முடியாது. அத்தகைய சாதாரண இடையீட்டாளர் எதனாலும் பின்னலை உண்டாக்க இயலாது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின் வடிவமே என்பதால், கேள்வி இனி இரண்டு துகள்களைப் பற்றியது மட்டுமாக இருக்காது. சோதனைக்கு வேண்டிய பொருளின் நிறை ஒரு கிலோகிராமை, ஒன்றுக்குப் பின் 14 சுழியங்கள் போட்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் அளவுதான். ஆனால் ஓர் அணுவோடு ஒப்பிட்டால் அது மலை. அவ்வளவு பெரிய பொருளை இரு இடங்களில் ஒருசேர நிறுத்துவதும், தற்செயலாக வந்து மோதும் ஒரேயொரு வாயு மூலக்கூறுகூட அதைக் கலைக்காமல் காப்பதும் இன்னும் எந்த ஆய்வகத்துக்கும் கைகூடவில்லை.